வடவானத்து நட்சத்திரங்கள்: புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சப்தரிஷி மண்டலத்தை ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்டால் போதும். அங்கிருந்து துருவ நட்சத்திரம், அப்புறம் சுவாதி, சித்திரை, மகம் என்று ஒரே மாலையில் நாலைந்தை அடையாளம் கண்டுவிடலாம். சிக்கல் அந்த முதல் பிடியில்தான். புதிதாகத் தொடங்குகிறவர் கைக்குக் கிடைப்பது 88 விண்மீன் குழுக்களின் பட்டியலும், கரடி, சிங்கம், வேட்டைக்காரன் என்று அழகழகாகப் படம் போட்ட ஒரு வரைபடமும். அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றால் மேலே கரடியும் இல்லை, சிங்கமும் இல்லை. வெறும் புள்ளிகள். அப்படி அண்ணாந்து நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று பல இரவுகள் திரும்பியிருக்கிறேன். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது, எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது வட அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய 10 டிகிரி அட்சரேகைக்கும் 50 டிகிரிக்கும் வானம் கொஞ்சம் மாறும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

நிலாதான் முதல் எதிரி. பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் நாலு நாள் வானம் பாலாய் வெளுத்துக் கிடக்கும்; மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போய்விடும். வளர்பிறையில் மாலை வானத்திலேயே நிலா இருக்கும். தேய்பிறையில் அது ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழும். ஆகவே பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாளிலிருந்து அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் வரை மாலை நேரம் உங்களுடையது. மாதத்தில் ஏறக்குறைய பாதி. காலண்டரில் அந்த நாட்களைக் குறித்து வைத்துவிடுங்கள்; மேகம் அதில் பாதியைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சூரியன் மறைந்ததும் இருட்டிவிடாது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கினால்தான் முழு இருட்டு. வெப்பமண்டலப் பகுதியில் இதற்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். 50 டிகிரி அட்சரேகையில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்; அங்கே ஜூன் மாதத்தில் முழு இருட்டு வரவே வராது. பிரகாசமான நட்சத்திரங்களை மட்டும் பழக இவ்வளவு காத்திருக்க வேண்டாம், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் போதும். சொல்லப்போனால், புதியவர்களுக்கு அரை இருட்டு நல்லது. பெரிய நட்சத்திரங்கள் மட்டும் முதலில் வந்து நிற்கும், கூட்டத்தில் தொலைய மாட்டீர்கள்.

இன்னொரு கணக்கு கட்டாயம் தெரிய வேண்டும். ஒவ்வொரு நட்சத்திரமும் நேற்றைவிட இன்று ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஜனவரியில் இரவு ஒன்பதுக்கு எங்கே இருந்ததோ, பிப்ரவரியில் ஏழுக்கே அங்கே இருக்கும். போன மாதம் பார்த்த இடத்தில் இந்த மாதம் இல்லையே என்று குழம்புவது இதனால்தான்.

2. எங்கே நிற்பது

நட்சத்திரம் பார்க்க நகரத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டும் என்பார்கள். முதல் மாதத்துக்கு அது தேவையில்லை. இன்னும் சொன்னால் தொல்லை. நல்ல இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே இரண்டாயிரத்துக்கு மேல் நட்சத்திரங்கள் தெரியும். அந்தக் கூட்டத்தில் சப்தரிஷியைத் தேடுவது நகரத்து மொட்டை மாடியில் தேடுவதைவிடக் கடினம். நகரத்தின் வெளிச்சம் மங்கலானவற்றை அழித்துவிட்டு முக்கியமானவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தேவைப்படுவது வேறு. தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது. வடக்குத் திசை திறந்திருக்க வேண்டும். 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறீர்கள் என்றால் வடக்கில் தொடுவானம் வரை திறந்திருக்க வேண்டும், ஏன் என்று ஐந்தாம் படியில் புரியும். உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தால் பத்து நிமிடத்தில் கழுத்து கெஞ்சும். சாய்வு நாற்காலியோ பாயோ அவசியம். தனி இடத்துக்குப் போவதானால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

3. வேண்டிய தாள்களும் ஆகும் செலவும்

முதல் மூன்று மாதத்துக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

வேண்டியவை இவைதான்: அந்த மாதத்துக்கான வான வரைபடம் ஒன்று, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அச்செடுத்துக்கொள்ளலாம். சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச். சாதாரண டார்ச்சின் முகத்தில் சிவப்பு செல்லோஃபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டினாலே சரி. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில். பேனா பனியில் எழுதாது.

சுழல் வரைபடம் என்று ஒன்று உண்டு. வட்ட அட்டையைத் திருப்பித் தேதியையும் நேரத்தையும் பொருத்தினால் அந்த நேரத்து வானம் சாளரத்தில் தெரியும். மின்கலம் வேண்டாம், விலையும் குறைவு, நான் இன்றும் பயன்படுத்துவது இதைத்தான். ஆனால் வாங்குமுன் எந்த அட்சரேகைக்குச் செய்தது என்று பாருங்கள். கடைகளில் கிடைப்பவற்றில் நிறைய 40, 50 டிகிரிக்குச் செய்தவை. 10 டிகிரியில் இருப்பவருக்கு அது பொய் சொல்லும்: உங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரத்தை வடக்கில் காட்டும், தெற்கில் நன்றாகத் தெரிகிறதைக் காட்டாது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் நாட்டில் இருந்தால், பார்க்கும் நேரத்தில் ஒரு மணியைக் கழித்துவிட்டுப் பொருத்துங்கள்.

வரைபடத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: கிழக்கு இடப்பக்கமும் மேற்கு வலப்பக்கமும் இருக்கும். அச்சுப் பிழை அல்ல. நிலப்படம் மேலிருந்து கீழே பார்ப்பது, வான வரைபடம் கீழிருந்து மேலே பார்ப்பது. தாளைத் தலைக்கு மேல் பிடித்துப் பாருங்கள், திசைகள் சரியாகிவிடும். தரையில் நின்று ஒரு திசையைப் பார்க்கும்போது அந்தத் திசையின் பெயர் எழுதிய ஓரம் கீழே வருமாறு தாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டும்.

புள்ளிகளின் அளவைக் குறிக்கும் பிரகாச எண்ணும் குழப்பும். எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். சிரியஸ் மைனஸ் 1.46, அபிஜித் ஏறக்குறைய 0, துருவ நட்சத்திரம் 2, இருட்டான இடத்தில் வெறும் கண்ணின் எல்லை 6. ஐந்து எண் வித்தியாசம் என்றால் பிரகாசத்தில் 100 மடங்கு.

மொபைல் செயலி வேண்டுமா? ஸ்டெல்லேரியம் நல்லது, கணினியில் முழுவதும் இலவசம். ஆனால் வெளியே போகுமுன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்க அதைப் பயன்படுத்துங்கள். வானத்தின் கீழே நின்று போனை ஆட்டி ஆட்டிப் பெயர் படிப்பவருக்கு எதுவும் மனதில் தங்காது. போனைத் திருப்பினால் பெயர் வருகிறது, பையில் வைத்ததும் மறந்துபோகிறது. போதாததற்குப் போனில் உள்ள திசைகாட்டி, காந்தம் வைத்த உறைக்கும் இரும்புக் கைப்பிடிக்கும் காருக்கும் பக்கத்தில் இருபது முப்பது டிகிரி தவறாகக் காட்டும். பெயர்கள் வேறு நட்சத்திரங்களின் மேல் போய் உட்கார்ந்துவிடும். பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் சிவப்புத் திரைக்கு மாற்றி, வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

4. கண்ணையும் கையையும் தயார் செய்யுங்கள்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கண்மணி விரிவது சில வினாடி வேலை. விழித்திரையில் உள்ள வேதிப்பொருள் மறுபடி சேர்வதற்குத்தான் அந்த அரை மணி. நடுவில் ஒரே ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் பெரும்பகுதி வீண், மீண்டும் முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் இதை அவ்வளவாகக் கெடுக்காது.

மங்கலான ஒன்றைப் பார்க்க அதை நேராகப் பார்க்காதீர்கள். கொஞ்சம் பக்கத்தில் பார்வையை நிறுத்திக் கடைக்கண்ணால் கவனியுங்கள். விழித்திரையின் நடுப்பகுதி நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும். இருட்டில் வேலை செய்யும் செல்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. நேராகப் பார்த்ததும் மறைந்து, பார்வையை விலக்கியதும் திரும்பத் தோன்றும் நட்சத்திரம் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. உங்கள் கற்பனை அல்ல.

அடுத்தது அளவு. தாளில் உள்ளங்கை அகலம் இருக்கும் சப்தரிஷி வானத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாததால்தான் பலர் கண் முன்னே இருப்பதைக் காணாமல் விடுகிறார்கள். கையை முழுவதும் நீட்டிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி. நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 டிகிரி. மூடிய முட்டி 10 டிகிரி. விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 20 டிகிரிக்குச் சற்று மேல். முழுநிலா அரை டிகிரிதான், சுண்டுவிரலில் பாதி. குழந்தையின் கை சிறியது, கையின் நீளமும் குறைவு, ஆகவே கணக்கு அவர்களுக்கும் ஏறக்குறைய ஒத்துவரும்.

சப்தரிஷியின் நீளம் சுமார் 25 டிகிரி. முட்டியால் இரண்டரை. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. வடக்கைப் பிடியுங்கள்: சப்தரிஷி, துருவ நட்சத்திரம், காசியோபியா

மார்ச் முதல் ஜூன் வரை மாலையில் சப்தரிஷி நன்றாகத் தெரியும். மே தொடக்கத்தில் ஒன்பது மணிக்கு உச்சநிலையில் இருக்கும். நாலு நட்சத்திரங்கள் ஒரு கிண்ணம், மூன்று நட்சத்திரங்கள் வளைந்த கைப்பிடி. ஆறு ஏறக்குறைய ஒரே பிரகாசம். கைப்பிடி கிண்ணத்தோடு சேரும் இடத்தில் உள்ள மெக்ரெஸ் மட்டும் மங்கல். நகர வானத்தில் அந்த ஒன்று தெரியாமல் கிண்ணம் உடைந்ததுபோல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படங்களில் கிண்ணம் நிமிர்ந்து இருக்கும். குறைந்த அட்சரேகையில் அப்படி ஒருபோதும் பார்க்க முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் வடகிழக்கில் எழும்போது கைப்பிடி கீழே, கிண்ணம் மேலே என்று செங்குத்தாக நிற்கும். உச்சத்தில் கவிழ்ந்து கிடக்கும். ஜூலையில் வடமேற்கில் கிண்ணம் கீழாக இறங்கும். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பழகிக்கொள்வதே வழி.

கிண்ணத்தின் வெளிச்சுவர் நட்சத்திரங்கள் இரண்டு: அடியில் மெராக், விளிம்பில் துபே. மெராக்கிலிருந்து துபேவுக்குக் கோடு போட்டு, அந்த இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டுங்கள். மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவு. அங்கே தனியாக நிற்பது துருவ நட்சத்திரம்.

அதுதான் வானத்திலேயே பிரகாசமானது என்று பலர் நம்புகிறார்கள். பிரகாச வரிசையில் அது முதல் நாற்பதுக்குள்கூட வராது. நகராமல் நிற்பதுதான் அதன் சிறப்பு. வானத்தின் வட துருவத்திலிருந்து, அதாவது வடவானம் சுற்றிவரும் மையப்புள்ளியிலிருந்து, ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. தொடுவானத்திலிருந்து அதன் உயரம் உங்கள் அட்சரேகைக்குச் சமம். 50 டிகிரியில் ஐந்து முட்டி உயரம். 10 டிகிரியில் ஒரே முட்டி, அதுவும் புழுதிக்கும் புகைக்கும் நடுவே. வடக்குத் தொடுவானம் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருந்தால் அதைப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு சப்தரிஷியோடு மேலே போங்கள்.

பக்கத்தில் கோசாப் என்று ஏறக்குறைய அதே பிரகாசத்தில் ஒன்று இருக்கிறது, இரண்டையும் மாற்றிப் பார்ப்பது சகஜம். சந்தேகம் இருந்தால் ஒரு கட்டடத்தின் விளிம்போடு நட்சத்திரத்தைப் பொருத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். கோசாப் நாலு டிகிரி நகர்ந்திருக்கும். துருவ நட்சத்திரம் அப்படியே நிற்கும்.

இந்த இரண்டும் சேர்ந்த சிறு கரடிக் குழு உங்கள் வானத்தின் தரத்தைச் சொல்லிவிடும். அதன் ஏழு நட்சத்திரங்களில், பிரகாச எண்படி, இரண்டு 2-ஐ ஒட்டியவை, ஒன்று 3, மூன்று 4-ஐத் தாண்டியவை, கடைசி ஒன்று 5. இரண்டு மட்டும் தெரிந்தால் நகர வானம். ஏழும் தெரிந்தால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

கைப்பிடியில் நடு நட்சத்திரத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அது வசிட்டர், மைசார் என்றும் பெயர். அதை ஒட்டி மங்கலாக இன்னொன்று: அருந்ததி. இரண்டுக்கும் இடைவெளி முழுநிலாவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. முதலில் ஒன்றாகத்தான் தெரியும். வசிட்டரைப் பார்க்காமல் ஓரமாகப் பார்வையை வைத்துக் காத்திருந்தால், பக்கத்தில் ஒரு ஊசிமுனை பிரிந்து வரும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றாமல் பாருங்கள். நகர வானத்தில் தெரியாவிட்டால் கண்ணைக் குறை சொல்ல வேண்டாம். அருந்ததியின் பிரகாச எண் 4, வெளிச்சம் அதை விழுங்கியிருக்கும். பைனாகுலரில் சட்டென்று பிரியும். சின்ன டெலஸ்கோப்பில் வசிட்டரே இரண்டாகத் தெரியும்.

சப்தரிஷி இல்லாத மாதங்களில் காசியோபியா. துருவத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். அக்டோபர் முதல் ஜனவரி வரை மாலையில் வடக்கே ஐந்து நட்சத்திரங்கள் கோணல்மாணலாக வளைந்து நிற்கும்; மேலே இருக்கும்போது இரண்டு மலைமுகடுகள் போலத் தெரியும். நடுப் பள்ளத்தின் முனை காட்டும் பக்கம் மூன்று முட்டி தள்ளி துருவ நட்சத்திரம். சப்தரிஷி அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் அவ்வளவு பிரகாசத்தில் வேறு எதுவும் இல்லாததால் தப்பாது.

இந்தக் காலத்தில் இரண்டு போலிகள் உண்டு. கார்த்திகைக் கூட்டம் சின்னஞ்சிறு கிண்ணம் மாதிரி இருக்கும், அதைச் சிறு கரடி என்று சத்தியம் செய்வார்கள். அது இரண்டு டிகிரிக்கும் குறைவு, இரண்டு விரலில் மறைந்துவிடும். இன்னொன்று பெகாசஸின் பெரிய சதுரமும் அதோடு சேர்ந்த ஆண்ட்ரோமீடா வரிசையும். சப்தரிஷியைவிடப் பெரிய கிண்ணமாகத் தெரியும். கையால் அளந்தால் இரண்டும் பிடிபட்டுவிடும்.

6. அங்கிருந்து வளைந்து இறங்குங்கள்

ஏப்ரல் முதல் ஜூலை வரை இந்தப் பாதை. சப்தரிஷியின் கைப்பிடி வளைவை அப்படியே மூன்று முட்டி நீட்டினால் மஞ்சள் கலந்த செந்நிறத்தில் பளிச்சென்று ஒன்று: சுவாதி. வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகும் கற்பனைக் கோடு) வடக்கே உள்ளவற்றில் இதுதான் மிகப் பிரகாசமானது, 37 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளி 37 ஆண்டு ஓடும் தூரம். வளைவை இன்னும் மூன்று முட்டி நீட்டினால் நீலம் பாய்ந்த வெள்ளையில் சித்திரை. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும்.

இப்போது மெராக், துபே கோட்டை எதிர்த்திசையில், துருவத்துக்கு முதுகு காட்டி நீட்டுங்கள். சிம்மத்தின் முதுகில் போய் இறங்கும். திருப்பிப் போட்ட கேள்விக்குறி ஒன்று தெரியும். அதன் அடிப்புள்ளி மகம். சிம்மத்தின் வால் நுனி உத்திரம்.

7. ஓரியன்: குளிர்கால வானத்தின் சாவி

டிசம்பர் முதல் மார்ச் வரை தொடங்குகிறவர்கள் ஐந்தாம் படிக்கு முன்பே இதைச் செய்யலாம். இதைவிட எளிதான குழு வானத்தில் இல்லை. மூன்று நட்சத்திரங்கள் நெருக்கமாக, நேர்கோட்டில், ஒரே பிரகாசத்தில். மொத்தமே மூன்று டிகிரிக்குள். இது ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைவார். மூன்றில் முதலில் உதிக்கும் மின்டகா ஏறக்குறைய வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அதனால் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். திசை தெரியாத புது இடத்தில் திசைகாட்டியைவிட நம்பகமானது.

இடைவாரின் ஒரு பக்கம் செந்நிறத் திருவாதிரை, மறுபக்கம் நீலவெள்ளை ரைஜல். இடைவாரைத் தென்கிழக்காக இரண்டு முட்டி நீட்டினால் சிரியஸ், இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம், 8.6 ஒளியாண்டு தூரத்தில். எதிர்ப்பக்கம் நீட்டினால் செந்நிற ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கொத்து. கார்த்திகையில் எத்தனை தெரிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு, நல்ல இருட்டில் கூடுதலாகவும் வரும்.

இடைவாருக்குக் கீழே வாள் போலத் தொங்கும் மங்கலான வரிசையின் நடுப்புள்ளி கொஞ்சம் கலங்கித் தெரிகிறதா? கண் குறைபாடு இல்லை. அது ஓரியன் நெபுலா, புது நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வாயுமேகம்.

சிரியஸ், ரைஜல், ரோகிணி, கபெல்லா, புனர்பூசத்தின் பொலக்ஸ், புரோசியான் ஆகிய ஆறையும் இணைத்தால் வானத்தில் பெரிய இடத்தை அடைக்கும் அறுகோணம். குளிர்காலம் முடிவதற்குள் இந்த ஆறையும் வரைபடம் இல்லாமல் சொல்லப் பழகுங்கள்.

8. மீதிப் பருவங்கள்

ஜூலை முதல் அக்டோபர் வரை முக்கோணம்: அபிஜித், திருவோணம், டெனெப். பிரகாசமானது அபிஜித், அங்கிருந்து தொடங்குங்கள். டெனெப் ஒரு பெரிய சிலுவையின் தலை, அந்தச் சிலுவைதான் சிக்னஸ் என்னும் அன்னம். இருட்டான இடத்தில் இருந்தால் முக்கோணத்தின் ஊடாகப் பால்வெளி ஓடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெகாசஸ் சதுரம், பக்கம் ஒன்றரை முட்டி. மேற்குப் பக்கத்து இரண்டு பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டு உத்திரட்டாதி. சதுரத்தின் உள்ளே அனேகமாகக் காலி, அதுதான் அடையாளம்.

9. நட்சத்திரம் அல்லாதவற்றை ஒதுக்குங்கள்

வரைபடத்தில் இல்லாத பிரகாசமான புள்ளி ஒன்று தெரிந்தால் அது கோள். கோள்கள் அனேகமாக மினுக்காது. இன்னும் உறுதியான சோதனை: அவை ராசி மண்டலப் பாதையை விட்டு அதிகம் விலகாது. சப்தரிஷிக்குள்ளோ காசியோபியாவிலோ ஒருபோதும் கோள் இருக்காது. மகம், சித்திரை, ரோகிணி, கேட்டை ஆகியவை அந்தப் பாதையை ஒட்டி இருப்பதால் அங்கேதான் குழப்பம் வரும். அந்த மாதத்தில் எந்தக் கோள் எந்த ராசியில் என்று முன்கூட்டியே பார்த்து வரைபடத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

மினுக்காமல் சீராக நகர்வது செயற்கைக்கோள். நடு வானத்தில் மங்கி மறைந்தால் அது பூமியின் நிழலுக்குள் போயிருக்கிறது. சிவப்பும் பச்சையும் விட்டு விட்டு மின்னினால் விமானம். தொடுவானத்துக்கு அருகே பல நிறங்களில் படபடவென்று அடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் பெரும்பாலும் சிரியஸ்தான். காற்றடுக்கு செய்யும் வேலை.

10. காசு செலவழிக்கும் இடம்

மேலே சொன்னதில் பாதியாவது கண்ணால் பிடிபட்ட பிறகு கடைக்குப் போங்கள். முதலில் பைனாகுலர். 7×50 அல்லது 10×50. முன்னது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, பின்னது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கம் எல்லாவற்றையும் கெடுக்கும், தாங்கி வேண்டும். ஜூம் பைனாகுலர் வேண்டாம். முன்கண்ணாடி மாணிக்கம் போலச் செக்கச்செவேல் என்று பளபளப்பதும் வேண்டாம். வாங்கும்போது தூரத்து விளக்கைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் குழாய்கள் ஒரே நேரில் இல்லை, வேறொன்று கேளுங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பக் கூடாது, ஒரு நொடியில் கண் போய்விடும். விடிய விடியப் பார்க்கிறவர்கள் சூரியன் வருமுன் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பைனாகுலருக்கு முதல் வேலை கார்த்திகை, பிறகு ஓரியன் நெபுலா. ஆண்ட்ரோமீடா மண்டலத்துக்கு (நம் பால்வெளி போன்ற இன்னொரு பெரிய நட்சத்திரத் தொகுதி) இலையுதிர் கால மாலை. பெகாசஸ் சதுரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து ஆண்ட்ரோமீடா வரிசையில் இரண்டாவது பிரகாச நட்சத்திரமான மிராக்குக்குப் போங்கள். அங்கிருந்து காசியோபியா பக்கம் திரும்பி இரண்டு மங்கல் நட்சத்திரங்கள் ஏறினால் அருகில் நீள்வட்டமாக ஒரு மங்கல் தீற்று. படங்களில் பார்த்த சுருள் கைகளை எதிர்பார்க்க வேண்டாம். அந்தத் தீற்றின் வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது.

டெலஸ்கோப் பெட்டியில் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். பயனுள்ள உச்ச அளவு, முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல் இரண்டு மடங்கு. 60 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேல் கலங்கலைத்தான் பெரிதாக்கும். தாங்கி ஆடினால் எந்தக் கண்ணாடியும் வீண், கடையிலேயே குழாயைத் தட்டிப் பாருங்கள்.

நட்சத்திரத்துக்கு உங்கள் பெயர் வைத்துச் சான்றிதழ் தருகிறோம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. அந்தத் தாளை எந்த வானியலாளரும் ஏற்கமாட்டார். சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

டெலஸ்கோப் வாங்குமுன் வானியல் குழுக்களோ கோளரங்குகளோ நடத்தும் பொதுப் பார்வை இரவு ஒன்றுக்குப் போய்ப் பலருடைய கருவிகளில் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் கட்டணம் இருக்காது. வரிசையில் உங்கள் முறை வரும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனியுங்கள். புதியவர்கள் கண் வைக்கும் குழாயைப் பிடித்து இழுத்துவிடுவார்கள், அப்புறம் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் உரிமையாளர் சனியைத் திரும்பத் தேடிப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.